கார்ட் கொழும்புக்குப் போனது, நான் யாரைக் கேட்பது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் கல்யாண வீடியோ எடிற் செய்து கொடுக்கிறேன். தை மாதம் கிளிநொச்சியில் ஒரு கடையில் 85,000 ரூபாய்க்கு, கம்பியூட்டரில் திரைக்குப் படத்தைக் கொடுக்கிற கிராபிக்ஸ் கார்ட் வாங்கினேன். பில்லில் "3 வருட வொரண்டி" என்று இருக்கிறது. ஆனியில் திரையில் கோடு கோடாக விழத் தொடங்கி, பிறகு படமே வரவில்லை. கடையில் கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்பியாயிற்று, கொம்பனி பார்க்கிறது என்று பதினொரு கிழமை சொன்னார்கள். இப்போது "பேர்ன் மார்க் (எரிந்த அடையாளம்) இருக்கிறது, வொரண்டி கிடையாது, வேண்டுமென்றால் 12,000 ரூபாய்க்குத் திருத்தித் தரலாம்" என்கிறார்கள். கடைக்காரர் "நான் விற்றவன் மட்டும்தான், கொம்பனியைக் கேளுங்கள்" என்கிறார். கார்ட் கொடுத்ததற்கு எந்தத் துண்டும் தரவில்லை, வட்ஸ்அப்பில் பேசியது மட்டும்தான் இருக்கிறது. கொம்பனி மீது வழக்குப் போடலாமா? போட்டால் முல்லைத்தீவிலா, கிளிநொச்சியிலா?

பதில்: தம்பி, அந்த 12,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், பழுது உங்களால்தான் வந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளைக்குச் சொல்வார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது கொம்பனி. அதை மறந்துவிடுங்கள். தாய்வானில் இருக்கிற கொம்பனியையோ, சிங்கப்பூரில் இருக்கிற அதன் சேவை நிலையத்தையோ, பம்பலப்பிட்டியில் இருக்கிற மொத்த வியாபாரியையோ உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் உங்களைத் தெரியாது. உங்கள் 85,000 ரூபாயைக் கையில் வாங்கி, பில் எழுதி, அதில் 3 வருடம் என்று போட்டுக் கொடுத்தவர் கிளிநொச்சிக் கடைக்காரர். சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும்தான். அவருக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையில் என்ன பேச்சு, மொத்த வியாபாரி கொம்பனிக்கு எப்போது அனுப்பினார் என்பதெல்லாம் அவர்களுடைய வீட்டு விஷயம். "நான் விற்றவன் மட்டும்தான்" என்கிறாரே, விற்றதால்தான் ஐயா உங்களைக் கேட்கிறோம்.

இதற்கு ஆதாரமான சட்டம் புதிதும் அல்ல. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்கிற ஒருவர் விற்றால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது பில்லில் எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தின் பகுதி. அதற்கு மேல் உங்களுக்கு எழுத்திலேயே 3 வருடம் இருக்கிறது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். நம் கடைகள் பலவற்றில் "1 வருடம் என்றால் 350 நாள்" என்று அச்சடித்திருப்பார்கள், எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தார்களோ தெரியாது. ஐந்தாம் மாதத்திலேயே பழுதானதால் உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. பிரச்சினை அதற்குப் பக்கத்தில் இருக்கிற "எரிந்த அடையாளம், உடைவு, துரு இருந்தால் வொரண்டி இல்லை" என்ற வரி.

எரிந்த அடையாளம் என்று வாயால் சொன்னால் போதாது. விலக்கைச் சொல்கிறவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று காட்டவும் வேண்டும். அதனால் கடையிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த இடத்தில் அடையாளம், யார் பார்த்தது, எந்தத் திகதி, அடையாளமும் கார்ட்டின் சீரியல் இலக்கமும் சேர்ந்து தெரிகிற படம் ஒன்று. சீரியல் இலக்கம் ஏன் என்றால், பத்துக் கடைகளின் கார்ட் ஒரே பெட்டியில் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறது. உங்களுடையதும் இன்னொருவருடையதும் மாறுவதற்கு ஒரு கவனக்குறைவு போதும். பில்லில் அல்லது கார்ட் வந்த பெட்டியில் அந்த இலக்கம் இருக்கும். பெட்டியை வீசிவிடவில்லையே?

அடையாளம் எந்த இடத்தில் என்பதும் முக்கியம். பவர் சப்ளையிலிருந்து வயர் குத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தால், வயர் சரியாக இறுகவில்லை, அல்லது மலிவான பவர் சப்ளை என்று அவர்கள் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அடையாளம் கார்ட்டின் நடுவில், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற சின்னச் சின்ன பாகங்களின் மேல் இருந்தால், அந்தப் பாகம் தானாகவே பழுதாகி எரிந்திருக்கலாம், அப்படியென்றால் அது தயாரிப்புக் குறை. எரிந்திருக்கிறது என்பதால் நீங்கள் எரித்தீர்கள் என்று ஆகிவிடாது. ஊரில் கம்பியூட்டர் திருத்துகிற, இந்தக் கடையோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவரிடம் கார்ட்டையோ அந்தப் படத்தையோ காட்டி, அவர் கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

இங்கே உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தக் கிழமையில் ஜெனரேற்றரில் கம்பியூட்டர் ஓடியதா? பக்கத்துக் கம்பத்தில் இடி விழுந்ததா? ஆனி என்பதால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத்தான் அடித்திருக்கும், வன்னியில் அந்த மாதத்தில் இடி மின்னல் குறைவு, அது உங்கள் பக்கம் ஒரு நல்ல வாதம். ஆனால் உண்மையில் கறன்ட் கூடி அடித்துத்தான் போனது என்றால், வொரண்டி பேசி ஆறு மாதம் அலையாதீர்கள், 12,000 ரூபாய்க்குப் பேரம் பேசித் திருத்துங்கள். என் நேரமும் உங்கள் நேரமும் மிச்சம்.

சரி, எங்கே முறையிடுவது? எல்லோரும் முதலில் சொல்வது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 1977 என்ற தொலைபேசி இலக்கம். அந்தச் சபையை உருவாக்கிய 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வியாபாரியோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி பொருள் இல்லாவிட்டால் விசாரிக்க அதிகார சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. விசாரித்த பின் நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு பொறி இருக்கிறது: முறைப்பாடு பொருள் விற்ற திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். விற்ற திகதி, தம்பி, பழுதான திகதி அல்ல. மூன்று வருட உத்தரவாதத்துக்கு மூன்று மாத முறைப்பாட்டுக் காலம் என்று வைத்த சட்டத்தை நான் மெச்ச மாட்டேன். உங்களுக்கு ஐந்தாம் மாதத்தில்தான் பழுதே வந்தது, ஆகவே முறைப்பாடு காலம் கடந்தது என்று சொல்லப்படலாம்.

அதற்காக அந்தக் கதவைத் தட்டாமல் விடவும் வேண்டாம். சேவை பற்றிய முறைப்பாட்டுக்கு மூன்று மாதம் சேவை வழங்கிய திகதியிலிருந்து எண்ணப்படுகிறது, பதினொரு கிழமையாகத் திருத்துகிறோம் என்று வைத்திருந்தது ஒரு சேவைதானே என்று வாதிட இடம் இருக்கிறது. அது போக, ஒரு உத்தரவாதம் உண்டா இல்லையா, அது எதை விலக்குகிறது என்பது பற்றிப் பொய்யாகச் சொல்வதை அதே சட்டத்தின் 31 ஆம் பிரிவு தடுக்கிறது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உள்ள அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு, பில்லின் பிரதியோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதிகாரி கடைக்கு ஒரு போன் எடுத்தாலே சில கார்ட்கள் கொழும்பிலிருந்து வேகமாகத் திரும்பி வருகிற அதிசயத்தை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

உங்கள் முக்கியமான வழி சாதாரண ஒப்பந்த மீறல் வழக்கு. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடமும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடமும் வழக்குப் போடக் காலாவதிக் கட்டளைச் சட்டம் தருகிறது, ஆகவே அவசரமில்லை. ஆனால் முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம். சட்டத்தரணி எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை, நீங்களே தமிழில் எழுதலாம். இப்படி: "இத்தனையாம் திகதி இத்தனையாம் இலக்கப் பில்லில் உங்களிடம் வாங்கிய இந்த சீரியல் இலக்கமுடைய கார்ட்டை இத்தனையாம் திகதி பழுது என்று உங்கள் கடையில் ஒப்படைத்தேன். 14 நாட்களுக்குள் அதைத் திருத்தி அல்லது அதற்குச் சமமானதை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் 85,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். நிராகரிப்பதாயின் காரணத்தை எழுத்தில் படத்தோடு தர வேண்டும்." அவ்வளவுதான். கோபம் வேண்டாம், கள்ளன் என்ற சொல் வேண்டாம். பதிவுத் தபாலில் போட்டு அந்தச் சின்னத் துண்டைக் கடிதத்தின் பிரதியிலேயே ஒட்டி வையுங்கள். பேஸ்புக்கில் கடையின் படத்தைப் போட்டு எழுதுவதும் வேண்டாம். அவதூறு வழக்கு ஒரு பக்கம், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்துகிற 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மறுபக்கம், நியாயம் உங்களிடம் இருக்கும்போது அவருக்கு ஏன் ஆயுதம் கொடுக்கிறீர்கள்?

14 நாளில் பதில் இல்லை என்றால் இணக்க சபை, அதாவது வழக்குக்கு முன் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசிச் சமரசம் செய்கிற சபை. உங்கள் தொகைக்கு அதைத் தாண்டி நேராக நீதிமன்றம் போக முடியாது, சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் வழக்கை ஏற்க மாட்டார்கள். கடை கிளிநொச்சியின் கரைச்சிப் பிரதேச செயலகப் பிரிவில், கொடுக்கல் வாங்கலும் அங்கேதான் நடந்தது, ஆகவே கிளிநொச்சியிலேயே போடுங்கள், முல்லைத்தீவுக்கு அலைய வேண்டாம். பிறகு நீதிமன்றம் என்று வந்தாலும் அதே ஊர்தான். இணக்க சபையில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே போய்ப் பேச வேண்டும். சட்டத்தரணியான எனக்குத் தொழில் போனாலும் உங்களுக்கு அது நல்லது. இருக்கிறவர்கள் ஓய்வு பெற்ற அதிபர், தபாலதிபர் மாதிரி ஊர்ப் பெரியவர்கள். கிராபிக்ஸ் கார்ட் என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்கு, மூன்று நிமிடத்தில், பில்லைக் காட்டி "3 வருடம் என்று எழுதினார், ஐந்து மாதத்தில் போனது, எழுத்தில் காரணம் தர மாட்டேன் என்கிறார்" என்று சொல்லிப் பழகுங்கள். அவருக்கு அது விளங்கும்.

துண்டு இல்லை என்று பயப்படுகிறீர்கள். வட்ஸ்அப் இருக்கிறதே. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அப்படியான செய்திகளைச் சான்றாகக் கொடுக்க முடியும். "கார்ட் கொழும்புக்குப் போயிட்டுது அண்ணா, அடுத்த கிழமை வரும்" என்று கடைக்காரர் போட்ட அந்த ஒரு வரியே, கார்ட் அவர் கையில் இருந்தது என்பதற்குப் போதும். போனை மாற்ற முன் அந்த உரையாடலைத் திகதியும் இலக்கமும் தெரிகிற மாதிரி அச்செடுத்து வையுங்கள். அவருடைய குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். நானே ஒருமுறை அலுவலக மதர்போர்ட் ஒன்றை ஒரு துண்டும் வாங்காமல் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தவன்தான், மறுமாதம் "எது சேர் உங்கட போர்ட்?" என்று கேட்டார்கள். சட்டத்தரணி என்றால் வெட்கத்தில் அதிகம் சத்தம் போடவும் முடியாது.

கடைசியாக, திருத்தி வருகிறது, அல்லது வேறு கார்ட் தருகிறார்கள் என்று வையுங்கள். புதுப் பெட்டி வராது, பெரும்பாலும் திருத்திய இன்னொன்றே வரும், அது வழமை. கவுண்டரை விட்டு இறங்க முன் மூன்று விஷயம் பாருங்கள்: சீரியல் இலக்கம் மாறியிருந்தால் புது இலக்கத்தைப் பழைய பில்லின் பின்பக்கம் எழுதி ஒப்பமும் முத்திரையும் வாங்க வேண்டும். மிச்சமிருக்கிற வொரண்டி எந்தத் திகதி வரை என்று அதிலேயே எழுத வேண்டும். அவர்களுடைய கம்பியூட்டரில் மாட்டி, ஒரு வீடியோவை அரை மணி நேரம் ரெண்டர் பண்ண விட்டு, திரையில் கோடு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். "கடை பூட்டுற நேரம்" என்பார்கள். காலையிலேயே போங்கள்.