பழைய கொரோலாவுக்கு ஒறிஜினல் சாமானா, வெளிச் சாமானா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியேறியிருக்கிறீர்கள். 180,000 கிலோமீற்றர் ஓடிய 2011 கொரோலா ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பிரேக், முன் ஸ்ட்ரட் (சில்லின் அதிர்ச்சியைத் தாங்கும் தண்டு), நாலு ரயர் எல்லாம் மாற்ற வேண்டும் என்று கராஜில் 2,800 டொலருக்கு எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். ஒறிஜினல் போடுவதா, வெளிக் கொம்பனிச் சாமான் போடுவதா என்பது ஒரு கேள்வி. எல்.ஈ.டி. லைற், கறுப்புக் கண்ணாடி, அலோய் றிம் போடலாமா என்பது மற்றது.

கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பெட்டியைப் புரட்டிப் புரட்டி ஜப்பான் சாமானா, சீனச் சாமானா என்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கண் இங்கேயும் உதவும். ஆனால் ரொறன்ரோவில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தச் சாமான் காரின் எந்த இடத்தில் இருக்கிறது, பனிக்காலத் தெரு உப்பு படுகிற இடமா? பழுதானால் கார் நிற்காமல் போகுமா, அல்லது யன்னல் இறங்காமல் போகுமா? எங்கே காசைக் கொட்டுவது, எங்கே பிடிப்பது என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

அதனால் எஸ்டிமேட்டுக்குச் சரி சொல்ல முதல், காரை மேலே தூக்கச் சொல்லி நீங்களே கீழே நின்று பாருங்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில், கதவுகளுக்குக் கீழே ஓடுகிற தகட்டைத்தான் றொக்கர் பனல் என்பார்கள். பனிக்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பு அங்கேதான் போய்த் தங்கும். மேலால் கறள் என்றால் பரவாயில்லை. தட்டும்போது உதிர்ந்து ஓட்டை விழுந்தால் அந்தக் காருக்கு 2,800 டொலர் செலவழிக்க வேண்டாம். நாளைக்கு விற்கப் போனால், கார் ஓடத் தகுதியானது என்ற சேஃப்டி சேர்ட்டிபிகேட் கிடைக்காது. அந்தத் தகடு நன்றாக இருந்தால்தான் மிச்சக் கதை.

ரயரில் தொடங்குகிறேன், ஏனென்றால் கஞ்சத்தனம் செய்யக்கூடாத முதல் இடம் அதுதான். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ஓல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். பனியே கொட்டாத காய்ந்த தெருவிலும் பிடிமானம் குறையும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் வின்ரர் ரயர் பூட்டியவர்களுக்கு இன்சூரன்ஸ் கொம்பனிகள் கழிவு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. பூட்டியதும் இன்சூரன்ஸ் புறோக்கருக்குச் சொல்லுங்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "எம் பிளஸ் எஸ்" (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது போதாது. வருடம் முழுக்க ஒரே செட் ஓட விரும்பினால் ஓல் வெதர் என்று தனி வகை இருக்கிறது, அதிலும் அந்த மலை முத்திரை இருக்கும். அப்பார்ட்மென்ரில் இருந்து, மற்ற செட்டை வைக்க இடமில்லாதவர்களுக்கு அது நல்லது. பழைய செட் வாங்கினால் பக்கத்தில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டு 35ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பத்து வருட றப்பரைத் தருவார்கள், வாங்காதீர்கள்.

றிம் விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் கொரோலாவுக்கு ஐந்து நட், அவை நிற்கிற வட்டம் 100 மில்லிமீற்றர். கம்றிக்கு அதே ஐந்து நட்தான், ஆனால் வட்டம் 114.3. இரண்டும் டொயோட்டா என்று சொல்லி யாராவது கம்றி றிம்மை இலவசமாகத் தந்தாலும் அது பூட்டாது. வெளிக் கொம்பனி அலோய் றிம்மின் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். உங்கள் கார் அச்சில் அது 54.1 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியறிங் நடுங்கும், பிறகு ஸ்ட்ரட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அலோய் வடிவுதான், மறுக்கவில்லை. வின்ரருக்கு மட்டும் கறுப்பு இரும்பு றிம்மில், 195/65 அளவில் 15 அங்குல ரயரைப் பூட்டுங்கள். மலிவு, குழியில் விழுந்தாலும் பெரும்பாலும் வளைவதோடு போகும். நட்டை 76 அடி-இறாத்தலுக்கு இறுக்கி, ஒரு நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். சில்லும் அச்சும் தொடும் முகத்தில் உள்ள கறளைச் சுரண்டாமல் பூட்டினால் நட் தானாகத் தளரும். கராஜில் நின்று இதைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பிரேக். இங்கே பிரேக் தேய்ந்து போவதை விட இறுகிப் போவதுதான் அதிகம். பேட்டை (பிரேக் கட்டையை) அமுக்கிப் பிடிக்கும் கலிப்பர் அசைகிற பின்களில் உப்புத் தண்ணீர் போய்க் கறள் பிடித்தால் உள்பக்க பேட் ஒன்று மட்டும் தேய்ந்து தீரும். புது பேட், புது றோட்டர் (பேட் பிடிக்கிற இரும்புத் தட்டு) என்று ஒறிஜினலாகவே போட்டாலும் அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிறீஸ் பூசாவிட்டால் ஒரு வின்ரரில் பழைய கதைதான். ஆகவே எந்த பேட் என்று கேட்பதை விட, பின்னைத் துடைத்துப் பூட்டுவீர்களா என்று கேட்பது முக்கியம். பேட்டுக்கு அகெபோனோ போன்ற ஜப்பான் பெயர் போதும், டொயோட்டா பெட்டி தேவையில்லை. றோட்டர் வாங்கும்போது நடுத் தொப்பியும் ஓரமும் சாம்பல் நிறப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். பூச்சில்லாததுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை. இன்னொன்று, அந்த வருடத்துக் கொரோலாவின் அடிமட்ட மாடல்களில் பின்னுக்கு றோட்டருக்குப் பதில் ட்ரம்தான் வரும். சில்லு இடைவெளிக்குள் எட்டிப் பாருங்கள். ட்ரம் இருக்கிற காருக்குப் பின் றோட்டர் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருந்தால் அந்தக் கராஜை விட்டு வந்துவிடுங்கள்.

ஸ்ட்ரட் உடனே மாற்றத்தான் வேண்டுமா? ஒயில் கசிந்து நனைந்திருந்தால், அல்லது பள்ளத்தில் ஏறி இறங்கினதும் கார் மூன்று நாலு தரம் ஆடினால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம். மாற்றினால் கே.வை.பி. என்ற ஜப்பான் பெயர் போதும். ஸ்பிறிங்கோடு சேர்த்துப் பூட்டிய முழு செட்டாக வாங்கினால் கூலி குறையும். சில்லுகளை நேராக்கும் அலைன்மென்ட் காசை எஸ்டிமேட்டில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் பிறகுதான் சொல்வார்கள்.

இனி ஒறிஜினல் கேள்விக்கு வருகிறேன். டொயோட்டா தன் காரின் எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. டென்சோ 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்த கொம்பனி, ஐசினும் அந்தக் குடும்பம்தான். டீலர் கவுண்டரில் டொயோட்டா பெட்டியில் வரும் ஸ்பார்க் பிளக் டென்சோ பெட்டியிலும் கிடைக்கும், விலை குறைவாக. உங்கள் எஞ்சினின் இரிடியம் பிளக்கை 192,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறது டொயோட்டா, அதற்கு உங்களுக்குக் காலம் நெருங்குகிறது. ஒட்சிசன் சென்சருக்கு டென்சோ, தண்ணீர்ப் பம்புக்கு ஐசின். இவற்றில் பெயர் தெரியாத மலிவுச் சாமான் வேண்டாம், ஏனென்றால் இங்கே கூலிதான் உங்களைச் சாப்பிடும். மணிக்கு நூறு டொலருக்கு மேல் கொடுத்துப் பூட்டிய நாற்பது டொலர்ச் சாமான் ஆறு மாதத்தில் போனால், மறுபடி நூறைக் கொடுக்கத்தானே வேண்டும். பிளக் வாங்கும்போது, யார் யாரோ விற்கிற இணையச் சந்தைகளில் வாங்காதீர்கள். டென்சோ, என்.ஜி.கே. பெயரில் போலி உலாவுகிறது.

டீலரிடமே வாங்க வேண்டியவையும் உண்டு: பெற்றோல் தொட்டி மூடி, ரப்பர் சீல்கள், சின்னச் சின்னக் கிளிப்புகள், எஞ்சினைக் குளிர்விக்கும் இளஞ்சிவப்புக் கூலன்ட். ஒயில் பில்டரும் அங்கே பெரிய விலை இல்லை. ஒயில் 0டபிள்யூ-20 என்றால் எந்த நல்ல பெயரும் சரி, மலிவு விற்பனை வரும்போது வாங்கி வைக்கலாம். பற்றறிக்கு டீலர் தேவையில்லை, பழையதன் மேலே உள்ள அளவு நம்பர் ஒத்துப்போனால் போதும். குளிரில் ஸ்டார்ட் பண்ணும் திறன் −18 பாகையில் கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கும், அந்த எண் பழையதை விடக் குறையக்கூடாது. பற்றறி, அதைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரநேற்றர், கலிப்பர் வாங்கும்போது பில்லில் கோர் சார்ஜ் என்று ஒரு தொகை வரும். அது வைப்புக் காசு, பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும்.

எங்கே வாங்கினாலும் காரின் அடையாளமான, எழுத்தும் இலக்கமுமாக 17 உள்ள வின் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். வருடமும் மாடலும் போதாது. 2010 ஜனவரியில் டொயோட்டா அக்சிலரேற்றர் பெடலுக்காகக் கார்களைத் திருப்பி அழைத்தபோது, சி.டி.எஸ். என்ற கொம்பனி செய்த பெடல் போட்டவைதான் மாட்டின, டென்சோ பெடல் போட்டவை தப்பின. வெளியில் பார்த்தால் ஒரே கார். உங்கள் 2011க்கு அதை விட முக்கியம் தக்காட்டா கொம்பனி செய்த எயர்பாக்குக்கான திருப்பி அழைப்பு. வின் நம்பரை டொயோட்டா கனடா தளத்தில் போட்டுப் பாருங்கள், மாற்றாமல் இருந்தால் டீலர் இலவசமாக மாற்றித் தருவார்.

பழைய கார் யாட்டுகளில் நாமே கழற்றி எடுக்கலாம். பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, யன்னல் மோட்டர், சீற் எல்லாம் அங்கே கொள்ளை மலிவு. சாரதி கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் நிற எண் இருக்கும்: 040 என்றால் வெள்ளை, 1எஃப்7 என்றால் வெள்ளி. அதே எண் உள்ள கதவைத் தேடினால் பெயின்ற் காசு மிச்சம். எயர்பாக், சீற் பெல்ற், பிரேக் சாமான் மட்டும் யாட்டில் எடுக்காதீர்கள்.

இனி உங்கள் அலங்காரப் பட்டியல். எல்.ஈ.டி. வேண்டாம். உங்கள் காரின் முன் லைற் கிண்ணம் எச்11 ஹலோஜன் பல்புக்காகச் செய்தது. அதில் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், உங்கள் தெருவில் வெளிச்சம் சிதறும். மஞ்சளாகிப் போன லைற் கண்ணாடியைப் பொலிஷ் பண்ணிப் புது ஹலோஜன் போடுங்கள், வித்தியாசம் தெரியும். கறுப்புக் கண்ணாடிக்கு ஒன்ராறியோச் சட்டம் 2017 முதல் செய்த கார்களுக்கு முன் பக்க யன்னலில் 70 வீத வெளிச்சம் என்று அளவே சொல்கிறது. உங்களுடையது அதற்கு முந்தியது, ஆனால் உள்ளே இருப்பவர் தெரியாத அளவுக்கு இருந்தால் பொலிஸ் டிக்கெற் எழுதலாம். பின் யன்னலோடு நிறுத்துங்கள். சத்தம் போடும் சைலன்சர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். எதை மாற்றினாலும் இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் இழப்பீட்டு நேரத்தில் அதைக் கிளறுவார்கள்.

அந்தக் காசில் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒக்ரோபருக்குள் அடிப்பாகத்துக்கு ஒயில் ஸ்பிறே அடியுங்கள், வருடா வருடம். பனித் தண்ணீரைத் தேக்கும் றப்பர் மிதியடி வாங்குங்கள், ஆனால் தரையில் உள்ள கொக்கியில் மாட்டுவதாக. பழைய மிதியடிக்கு மேலே இன்னொன்றைப் போட்டால் அது நகர்ந்து பெடலில் சிக்கும்.

கடைசியாகக் கராஜ். இணையத்தில் மலிவாக வாங்கிக் கொண்டுபோனால் பல கராஜ்கள் பூட்டித் தரும், உத்தரவாதம் தராது. அவர்களே சாமான் போட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. அதனால் பிரேக்கும் ஸ்ட்ரட்டும் அவர்கள் மூலம், பிராண்ட் பெயரை எழுதி வாங்கி. பற்றறி, வைப்பர், பில்டர், பல்பு நீங்களே. எஸ்டிமேட் எழுத்தில் இருக்க வேண்டும், முடிவில் அதை விடப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேலை தொடங்க முதலே அதைச் சொல்லி வையுங்கள், மாலையில் கேட்டால் குப்பையில் போட்டுவிட்டோம் என்பார்கள்.