வாசகர் கேள்வி: வேகமானியின் முள் ஏன் முந்துகிறது?

கேள்வி: எனது பழைய எம்.ஜி.பி. காருக்கு அதே தோற்றமுள்ள வேறொரு வேகமானியைப் பொருத்தினேன். நிலாவெளி வீதியில் ஜி.பி.எஸ். 40 மைல் காட்டுகையில் முள் 50 காட்டுகிறது. முள்ளைக் கழற்றித் திருத்தலாமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: முள்ளைத் தொடாதீர்கள். உங்கள் காரிலுள்ள ஸ்மித்ஸ் நிறுவன வேகமானியின் முகப்பில் 1020, 1280 போன்ற சிறிய எண்ணொன்று இருக்கும். கியர்பெட்டியிலிருந்து மானியை இயக்கும் கேபிள் ஒரு மைலுக்குச் சுழலவேண்டிய தடவைகளை அது குறிக்கிறது. 1280 சுற்றுத் தரும் காரில் 1020 மானியைப் பொருத்தினால், உங்களுக்கு நேர்ந்ததைப் போலவே, கால்பங்கு கூடுதலாகக் காட்டும்.

டயர்களுக்குச் சரியாகக் காற்றடித்து, கேபிளை மானியிலிருந்து கழற்றி, அதன் உட்கம்பியில் சிறு காகிதக் கொடியை ஒட்டி, சமதரையில் காரை மைலில் நூறிலொரு பங்கான 16.09 மீற்றர் தூரம் நேராகத் தள்ளி, கொடி சுழலும் தடவைகளை அரைச்சுற்றுக்கும் குறைவான பகுதிகள் உட்பட எண்ணி நூறால் பெருக்குங்கள். விடை முகப்பெண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், பொருத்தமான மானியைத் தேடுவதே நல்லது.

எண் ஒத்துப்போய், பற்சக்கரத்தால் ஓடும் தூரமானியும் சரியாகக் காட்டினால், பிழை மானிக்குள் முள்ளை நகர்த்தும் காந்தத்திலோ, அதை எதிர்த்து இழுக்கும் மெல்லிய வில்லான மயிர்ச்சுருளிலோதான். அந்த மென்மையான வேலையை அனுபவமுள்ள மானி திருத்துநரிடமே ஒப்படையுங்கள்.