நித்திரை கெட்ட செபம்

அன்புள்ள அக்கா,

நான் முழங்காவில் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை, பின்னேரச் செபமாலை தவறாத வீடு. யூதர்களின் மறைஞானமான கபலா, கிறிஸ்தவத் துறவிகளின் தியானம், இஸ்லாமிய மறைஞானிகளான சூஃபிகள் இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரு பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்று எனக்குப் படுகிறது. ஆகவே மூன்றிலும் நல்லதை எடுத்து நான்கு மாதமாகச் செய்கிறேன். இரவு பதினொன்றுக்குப் பிறகு மூச்சை அடக்கி இயேசு நாமச் செபம் ஒரு மணித்தியாலம். பிறகு லா இலாஹ இல்லல்லாஹ் அரை மணித்தியாலம். கடைசியில் எபிரேய எழுத்துக்களைச் சொல்லித் தலையை அசைக்கிற முறை. எல்லாம் யூரியூப்பில் பார்த்ததுதான். ஒரு நேரச் சாப்பாடு. இப்போது கண்ணை மூடினால் வெள்ளை ஒளி தெரிகிறது, காதுக்குள் இரைகிறது, விரல் நுனி விறைக்கிறது. நித்திரை இரண்டு மூன்று மணித்தியாலம்தான். வகுப்பில் பிள்ளைகளின் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை. ஸ்பெயின் துறவி சிலுவை அருளப்பர் சொன்ன, ஆன்மாவின் இருண்ட இரவு இதுதானா? மூன்றில் எது விரைவாகக் கொண்டுபோகும்? இவையெல்லாம் எங்கள் சித்தர்களிடமிருந்து போனவை என்கிறார்களே, உண்மையா? வாசிக்க நூல்களும் சொல்லுங்கள். 2009இல் காணாமல் போன அண்ணாவைத் தேடி அம்மா இன்னும் போராட்டப் பந்தலுக்குப் போய்வருகிறா. வீட்டில் இதையெல்லாம் கதைக்க ஆளில்லை.

ச.

அன்புள்ள தம்பி,

இன்றிரவுக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூச்சை அடக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். மூன்று நேரமும் சாப்பிடுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். மிச்சத்தை நாளைக்குப் பகலில் வாசிக்கலாம்.

தவக்காலம் வந்தாலும் நோன்பு மாதம் வந்தாலும் எங்கள் பக்கத்து இளம் ஆட்கள் சிலரிடம் ஒரு கணக்கு ஓடுகிறது: பட்டினியும் கண்விழிப்பும் எவ்வளவு கூடுதோ, கடவுள் அவ்வளவு கிட்ட வருவார் என்று. கொஞ்சக் காலமாகவே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன். உங்கள் கடிதம் இனித் தள்ளிப்போட முடியாதபடி செய்துவிட்டது.

மூன்றும் ஒன்றா என்ற கேள்வியைச் சுருக்கமாக முடிப்போம். அடுத்தடுத்த வளவுகளில் இருந்தவர்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் நிறைய எடுத்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு யூதர் பஹ்யா இப்னு பகூதா பதினோராம் நூற்றாண்டில் இதயத்தின் கடமைகளைப் பற்றி அரபியில் எழுதியபோது சூஃபிகளிடம் கற்றதை மறைக்கவில்லை. கெய்ரோவில் இருந்த ஆபிரகாம் மைமோனிடிஸ் (1186–1237) இன்னும் ஒரு படி மேலே போனார். இஸ்ரவேலின் பழைய இறைவாக்கினரின் நடைமுறையைச் சூஃபிகள்தான் காத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, தொழுகையில் நெற்றி நிலத்தில் படப் பணிவதையும் வரிசையில் அமர்வதையும் தன் கூட்டத்துக்குள் கொண்டுவந்தார். சக யூதர்கள் ஆட்சியாளரிடம் முறைப்பாடு செய்யும் அளவுக்கு அது போனது. ஆனால் அந்த மனிதர் எகிப்து யூதருக்குத் தலைவராகவே கடைசிவரை இருந்தார், யூதச் சட்டத்தில் ஓர் இம்மியும் தளர்த்தவில்லை. கடன் வாங்கியவர் தன் வீட்டில் நின்றுகொண்டுதான் வாங்கினார். போய்ச் சேரும் இடத்தையும் இவர்கள் ஒன்றாகச் சொல்வதில்லை. கபலாக்காரர் கடவுள் தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளான செஃபிரோத்தைப் பற்றிப் பேசுவார்கள், அவற்றுக்கு அப்பால் இருக்கும் எல்லையற்றவரைத் தொடமாட்டார்கள். பாக்தாதின் சூஃபி ஜுனைத் (இறப்பு 910) கடவுளில் தன்னை இழந்தவன் தெளிவோடு திரும்பிவந்து ஷரீஅத் என்ற மார்க்கச் சட்டத்தில் நிற்கவேண்டும் என்பார். கிரேக்கத் துறவி கிரிகோரி பலமாஸ் கடவுளின் சாரம் யாருக்கும் எட்டாது, அவருடைய ஆற்றல்களில் பங்குபெறலாம் என்பார். இவற்றை ஒரே பானையில் போட்டால் மூவருக்கும் அநியாயம்.

சித்தர்களைப் பற்றிய கேள்வியை இப்போது தொடமாட்டேன், உங்கள் நிலைமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூச்சுக்கு வருவோம். நீங்கள் செய்கிற இயேசு நாமச் செபத்தின் உடல்முறையை எழுத்தில் வைத்தவர்களில் முக்கியமானவர் கிரேக்கத் துறவிகளின் அத்தோஸ் மலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இருந்த நிக்கெபோரஸ். அமைதியான அறையில் இரு, மனதைச் சேர்த்து மூச்சோடு இதயத்துக்குள் இறக்கு, அங்கே அது நின்றதும் ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவ குமாரனே, என்மேல் இரக்கமாயிரும்’ என்ற வேண்டுதலை ஓயாமல் கொடு என்கிறார். ஆனால் வழிகாட்டி ஒருவரைத் தேடு என்று வற்புறுத்திய பிறகுதான் அவர் முறைக்கே வருகிறார். அவருக்குப் பின்வந்த சினாய் கிரிகோரி ஒரு சாண் உயர முக்காலியில் குனிந்திருக்கச் சொன்னார். நெஞ்சும் தோளும் கழுத்தும் நோகும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். மூச்சை நெருக்குவது அவருக்கு மனம் ஓடாமல் பிடிக்க ஒரு துணை, அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய ஆயர் தியோபன் இவர்களுடைய எழுத்துக்களை மொழிபெயர்த்தபோது மூச்சு பற்றிய பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். வழிகாட்டி இல்லாதவன் கையில் அது கிடைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். செபத்தை அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓர் ஆயர் பயந்து எடுத்துவிட்டதை உங்கள் வீடியோக்காரர் முதலாவது பாடமாக வைத்திருக்கிறார்.

உடம்பில் நடப்பதையும் சொல்கிறேன். மூச்சை அடக்குகிறீர்கள், தாங்க முடியாமல் வேகமாக இழுத்து விடுகிறீர்கள், மறுபடி அடக்குகிறீர்கள். ஒரு மணித்தியாலம் இப்படிச் செய்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டின் அளவு குழம்பும். வேகமாக விடும்போது அது குறைகிறது, மூளைக்குப் போகும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் விறைக்கும், நெஞ்சு அடிக்கும், கண்ணுக்குள் வெளிச்சம் தெறிக்கும். ஒரு நேரச் சாப்பாட்டையும் இரண்டு மணித்தியால நித்திரையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும், வானத்திலிருந்து எதுவும் இறங்கவேண்டியதில்லை.

எண்ணிக்கையும் அப்படித்தான். நக்ஷபந்தி என்ற சூஃபி வழியில் கலிமாவை, அதாவது லா இலாஹ இல்லல்லாஹ்வை, ஒரே மூச்சில் ஒற்றைப்படையாகச் சொல்கிற பயிற்சி உண்டு: மூன்று, ஐந்து, ஏழு என்று இருபத்தொன்றுவரை. லா என்பதைத் தொப்புளிலிருந்து உச்சிக்கு எழுப்பி, இலாஹவை வலது தோளுக்குக் கொண்டுபோய், இல்லல்லாஹ்வை இதயத்தில் இறக்குவார்கள், நாக்கு அசையாது. இருபத்தொன்றை எட்டியும் உள்ளே மாற்றம் இல்லையென்றால் பயிற்சி சரியில்லை என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். எப்போது மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவது என்பதை குருவான ஷெய்கு சொல்வார், சீடனான முரீது தானாகக் கூட்டமாட்டான். ரஷ்ய யாத்திரிகர் ஒருவரின் புகழ்பெற்ற கதையிலும் இதையே காண்பீர்கள். அவருக்கு வழிகாட்டிய பெரியவர் இயேசு நாமச் செபத்தை நாளுக்கு 3000 தடவை என்று தொடங்கி, 6000, 12000 என்று தானே கூட்டிக் கொடுக்கிறார். செபமணி உருட்டிய பெருவிரல் நோகிறது, மணிக்கட்டு வீங்குகிறது, நாக்கும் தாடையும் விறைக்கின்றன. அந்த மனிதர் அந்தக் கோடை முழுவதும் ஒரு விவசாயியின் தோட்டத்துக்குக் காவலாகக் குடிலில் இருந்தார், பெரியவரிடம் அடிக்கடி போய் நடந்ததைச் சொன்னார். நாற்பது பிள்ளைகளின் கொப்பி திருத்திவிட்டு இரவில் யாரிடமும் சொல்லாமல் செய்யவில்லை.

இன்னொன்றில் எனக்குக் கோபமே வந்தது. லா இலாஹ இல்லல்லாஹ் ஒரு முஸ்லிமின் சாட்சியம். அதைச் சொல்லி மார்க்கத்துக்குள் வருகிறார்கள், சாகக் கிடப்பவரின் காதில் சொல்லுகிறார்கள். 1990 ஒக்டோபரில் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து முஸ்லிம் சனம் கையில் எடுத்ததோடு விரட்டப்பட்டது. திரும்பி வந்தவர்கள் காடு மண்டிப்போன பள்ளிகளைத் துப்புரவாக்கி மறுபடி அந்தக் கலிமாவை ஓதுகிறார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு, ஒரு முஸ்லிமிடம்கூடக் கேட்காமல், ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வேளையும் இல்லாமல், அதை மூச்சுப் பயிற்சியாக எடுக்க உங்களுக்கு என்ன உரிமை? பக்கத்து ஊரில் முஸ்லிம்கள் கூடி திக்ரு ஓதும் ராத்திபு நடக்கும் இரவில் அனுமதி கேட்டுப் போய் மரியாதையோடு ஒரு மூலையில் இருந்து கேளுங்கள். அதற்கு யாரும் மறுக்கமாட்டார்கள்.

எபிரேய எழுத்து முறை ஆபிரகாம் அபுலாஃபியாவுடையது, பதின்மூன்றாம் நூற்றாண்டு. வெள்ளை உடுத்தி, இரவென்றால் விளக்குகள் பல ஏற்றி, எழுத்துக்களை மாற்றி மாற்றிச் சேர்த்து, ஐந்து உயிரொலிக்கும் ஐந்து திசையில் தலையை அசைப்பது. சிறுவயதிலிருந்தே எபிரேயம் படித்தவர்களுக்கு, யூத மறைநூல்களான தோராவிலும் தல்மூதிலும் ஊறியவர்களுக்கு எழுதப்பட்டது. அவர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். கபலாவில் ஊறிய சப்தாய் செவி என்பவரை மீட்பரென்று நம்பிப் பெருங்கூட்டம் வீடு வாசலை விற்றுப் புறப்பட்டு, 1666இல் அவர் இஸ்லாத்துக்கு மாறியதும் மனமுடைந்து போனது. அதன் வடு ஆறவில்லை. 1756இல் புரோடி நகர யூத மதகுருக்களான ரப்பிகள் முப்பது வயதுக்கு முன் கபலாவின் முதன்மை நூலான ஸோகார் இல்லை, நாற்பதுக்கு முன் கபலா ஆசான் லூரியாவின் எழுத்துக்கள் இல்லை என்று தடை போட்டார்கள். தோராவைச் சுற்றி வேலி போடுங்கள் என்பது யூத மூத்தோரின் பழைய கட்டளை. வன்னியில் தோட்டம் செய்கிறவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை: பயிர் போட முதல் வேலி அடைப்பான், இல்லாவிட்டால் விடிய மாடுதான் நிற்கும். நீங்கள் மூன்று தோட்டத்திலும் பயிரைப் பிடுங்கி வந்திருக்கிறீர்கள், ஒரு வேலியையும் கொண்டுவரவில்லை.

இருண்ட இரவு என்கிறீர்கள். சிலுவை அருளப்பர் மூன்று அடையாளங்களைத் தருகிறார், மூன்றும் சேர்ந்திருக்கவேண்டும். கடவுளுக்குரியவற்றிலும் சுவை இல்லை, உலகத்துக்குரியவற்றிலும் சுவை இல்லை. அப்படியிருந்தும் மனம் கடவுளையே நினைத்து, நான் அவருக்குச் சேவை செய்யவில்லையே என்று வருந்துகிறது. கற்பனையைக் கொண்டு தியானிக்க முன்போல முடியவில்லை. முதலாவது மட்டும் இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்று அவரே பிரித்துக் காட்டுகிறார், இரண்டாவதுதான் உரைகல். உங்கள் கடிதத்தில் அந்த வருத்தம் எங்கே? ஒளி தெரிகிறது என்றும் எழுதுகிறீர்கள், இருண்ட இரவா என்றும் கேட்கிறீர்கள். ஒளியோ காட்சியோ வந்தாலும் அதில் தங்காதே என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. பிள்ளைகளின் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை என்ற ஒரு வரியே எனக்குப் போதும். செபம் சரியாகப் போகிறவனுக்கு வகுப்புப் பிள்ளைகள் எதிரியாகமாட்டார்கள்.

அவருடைய தோழி அவிலா தெரேசம்மாள் 1577இல் எழுதியதைக் கேளுங்கள். நோன்பும் கண்விழிப்பும் மிஞ்சிய கன்னியர் சிலர் உடம்பு சோர்ந்து கிடப்பதைப் பரவசம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒருவர் எட்டு மணித்தியாலம் அப்படிக் கிடந்தார், மயக்கமும் இல்லை, கடவுளைப் பற்றிய உணர்வும் இல்லை. சாப்பிடவும் தூங்கவும் வைத்து, தவத்தைக் குறைத்ததும் அது போய்விட்டது. மடத்துத் தலைவிக்கு அவர் சொன்ன மருந்து: தனிச் செபத்தைக் கொஞ்ச நேரமாகக் குறை, நன்றாகச் சாப்பிடவும் தூங்கவும் விடு, வேலை கொடு. ஆன்மாவின் உள்ளே ஏழு மாளிகைகளைக் கண்டு எழுதியவர் சொல்கிறார் இதை.

கடைசி வரியில், போகிற போக்கில், அண்ணாவைச் சொன்னீர்கள். உங்கள் கேள்விகள் எல்லாவற்றிலும் பெரியது அதுதான், தம்பி. காணாமல் போனவருக்கு அடக்கப் பூசையும் இல்லை, கல்லறையும் இல்லை. அம்மா பகலில் பந்தலில் இருக்கிறா, நீங்கள் இரவில் மூச்சை அடக்குகிறீர்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே ஆளைத் தேடுகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கு மூச்சு முறை தேவையில்லை, வாய் தேவை. பிரெஸ்லோவ் ஊர் ரப்பி நக்மான் (1772–1810) தன் சீடர்களுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தார். தனியே போய், வீட்டில் பேசுகிற மொழியிலேயே, முறைப்பாடு உட்பட எல்லாவற்றையும் கடவுளிடம் சொல்லவேண்டும். ஒன்றும் வராவிட்டால் ‘உலகத்தின் ஆண்டவரே’ என்ற ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். இதைக் கபலா என்று எண்ணிச் செய்யவேண்டாம். உங்கள் வீட்டுச் செபப் புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது: 88ஆம் திருப்பாடல். ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிற பாட்டு, யூதரும் உங்கள் சபையும் பொதுவாக வைத்திருப்பது. பின்னேரம் ஆறு மணிக்கு அதை வாய்விட்டு வாசித்துவிட்டு, அண்ணாவின் பெயரைச் சொல்லி இருபது நிமிடம் தமிழில் கதையுங்கள், கோபப்படுங்கள். நக்மான் இரவில் ஊருக்கு வெளியே போகச் சொன்னார், நீங்கள் போகவேண்டாம், எங்கள் பக்கத்தில் யானை திரிகிற நேரம் அது. வளவுக்குள் கிணற்றடி போதும். முடிந்ததும் அம்மாவோடு ஐம்பத்துமூன்று மணியையும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். பங்குத்தந்தையிடம் நான்கு மாதக் கதையை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்.

இரண்டு கிழமையில் நித்திரை திரும்பாவிட்டால், அல்லது குரல்கள் ஏதும் கேட்கத் தொடங்கினால் உடனேயே, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நூல் பட்டியல் இப்போது தரமாட்டேன். எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள், மூன்று நேரமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் நாளாந்தம் எழுதி ஒரு மாதத்தில் அனுப்புங்கள். ஒளியைப் பற்றி எழுதவேண்டாம்.

அன்புடன்,
அக்கா