மோதலில் பவுல் யாருக்கு?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு வருடமாகப் பாடசாலைக் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நடுவராக நிற்கிறேன். விதிகள் மனப்பாடம். ஆனாலும் கூடைக்குக் கீழே இரண்டு பேர் மோதி விழுந்தால் பவுல் (விதிமீறல்) யார் மேல் என்று தடுமாறிவிடுகிறேன். எப்படித் திருத்திக்கொள்வது?

பதில்: மோதல் நடந்த நேரத்தில் உங்கள் கண் எங்கே இருந்தது? அநேகமாகப் பந்தில் இருந்திருக்கும். விளையாடி வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது.

எனக்கும் இருந்தது. ஒரு பாடசாலை இறுதிப் போட்டி, கடைசி நிமிடம். பந்தோடு பாய்ந்து வந்தவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தடார்' என்று சத்தம், இருவரும் சீமெந்துத் தரையில். தடுத்தவனுக்குப் பவுல் கொடுத்தேன். அது அவனுக்கு ஐந்தாவது, அதோடு அவன் ஆட்டத்தை விட்டு வெளியே. ஒரு வார்த்தை பேசாமல், சேட்டால் முகத்தைத் துடைத்தபடி வாங்கில் போய் இருந்தான். பிறகு ஒருவர் தொலைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினார். அவனுடைய இரண்டு காலும் ஊன்றியிருந்தன, வந்தவனின் தோள் நேரே அவன் நெஞ்சில் இடித்திருந்தது. பிழை என்னுடையது.

அன்றிலிருந்து நான் தடுப்பவனைத்தான் பார்க்கிறேன். எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலையும் தரையில் வைத்துவிட்டானா? வைத்துவிட்டால் அந்த இடம் அவனுடையது. அதன் பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம், நேர் மேலே எம்பலாம். இதையெல்லாம் சரியாகச் செய்தவனின் நெஞ்சில் வந்து இடித்தால் பவுல் பந்தோடு வந்தவனுக்கு. ஆனால் வந்தவன் தரையை விட்டு எழும்பிய பிறகு பாதைக்குள் புகுந்தால் பவுல் தடுத்தவனுக்கு. கூடைக்குக் கீழே 1.25 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்தையும் மறக்க வேண்டாம். அதற்குள் நிற்பவன் மீது எழும்பியவன் மோதினால், பொதுவாக அது மோதியவனுக்கான பவுல் அல்ல. நம் பக்கத்து மைதானங்களில் வெயிலிலும் மழையிலும் அந்தக் கோடு அழிந்துபோயிருக்கும். ஆட்டத்துக்கு முன்பே சுண்ணாம்பால் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது நிற்கும் இடம். இரண்டு பேருக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்றால் மோதலின் சத்தம்தான் கிடைக்கும், காட்சி கிடைக்காது. ஒரே ஒரு அடி விலகினாலே அந்த இடைவெளி திறந்துவிடும். ஆட்டம் முடியும் இடத்துக்கு முன்கூட்டியே ஓடிப்போய் நின்று பாருங்கள். ஓடும்போது கண்ணும் குலுங்கும்.

அப்புறம் விசில். வாயிலேயே இருக்கட்டும், ஆனால் உடனே ஊத வேண்டாம். எங்கிருந்து வந்தான், எங்கே பட்டது, யாருக்குப் பாதகம் என்று மூன்றையும் பார்த்து முடிக்க அரை நொடி போதும். அந்த அரை நொடிக்குள் கூட்டம் கத்தத்தான் செய்யும். மட்டக்களப்பில் அமெரிக்க யேசு சபைத் துறவிகள் வந்து வளர்த்த விளையாட்டு இது. நம் ஊரில் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் விளையாடியவர்கள், ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். அவர்கள் இருந்த கோணம் வேறு, உங்கள் கோணம் வேறு.

வீட்டில் பயிற்சிக்கு, ஏதாவது ஒரு போட்டியின் வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டு, பந்தை விட்டுவிட்டுத் தடுப்பவர்களின் கால்களை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். முதல் நாள் கண் வலிக்கும். ஒரு கிழமையில் பழகிவிடும்.

இன்னொன்று. பிழையாக ஊதிவிட்டீர்கள் என்று தெரிந்தால், அடுத்த பக்கத்தில் ஒன்றைக் கொடுத்துச் சமன்செய்யப் பார்க்காதீர்கள். ஒரு பையனுக்குச் செய்த அநியாயம் இரண்டு பையன்களுக்கு ஆகிவிடும்.