மியூசியம் பிடிக்காது என்று சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து செல்வதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறேன். வாசிப்பதும் எழுதுவதும் எப்படியோ ஒப்பேறிவிடும். பேச்சுத் தேர்வை நினைத்தால்தான் பயம். மாதிரித் தேர்வில் 'நீங்கள் போய்வந்த ஒரு மியூசியத்தைப் பற்றிப் பேசுங்கள்' என்று கியூ கார்டு, அதாவது தலைப்பு எழுதிய அட்டை, வந்தது. பயிற்சி மையத்தில் கொடுத்திருந்த பாரிஸ் லூவர் மியூசியம் பதிலைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். முடித்ததும், 'அங்கே எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள்?' என்று கேட்டார் பயிற்சியாளர். ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பாஸ்போர்ட்டே இப்போதுதான் வந்திருக்கிறது.

நான் உண்மையில் பார்த்தவை பள்ளியிலிருந்து அழைத்துப்போன காந்தி மியூசியமும், ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் இறங்கிப் பார்த்த கீழடியும்தான். இவற்றைச் சொன்னால் மதிப்பெண் வருமா? மியூசியத்தில் பெரிய ஆர்வமில்லை என்று சொல்லலாமா? நுழைவுக் கட்டணம் வேண்டுமா, வேண்டாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு அதில் கருத்தே கிடையாது. உச்சரிப்பை வெள்ளைக்காரர்களைப்போல் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சொல்லலாம். அந்தத் தேர்வில் மதிப்பிடுவது நான்கை மட்டும்: கோவையாக, தடங்கலின்றிப் பேசுகிறீர்களா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி, உச்சரிப்பு விளங்குகிறதா. நான்குக்கும் சம எடை. கலை ரசனைக்கும் பொது அறிவுக்கும் உலகம் சுற்றிய பெருமைக்கும் அதில் இடமில்லை. ஆனால் 'பிடிக்காது' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் மதிப்பிட ஒன்றும் கிடைக்காது. ஏன் பிடிக்காது? வரிசை கலையாமல் நடத்திப்போய், எதையும் நின்று பார்க்கவிடாமல் வெளியே கொண்டுவந்து, மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னார்களா? அதைச் சொல்லுங்கள். உங்களைப் பற்றிச் சிறு கேள்விகள் கேட்கிற முதல் பகுதிக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும்.

தமிழ்நாட்டில் பயிற்சி மையத்துக்குப் போகிறவர்களில் லூவர் பார்க்காதவர் யாருமே இல்லை போலிருக்கிறது. எல்லோரும் மோனாலிசா முன்னால் நின்று ஒரே மாதிரி வியந்திருக்கிறார்கள். மனப்பாடத்தைக் கண்டுபிடிக்க எக்ஸாமினர்களுக்குப் பயிற்சி உண்டு. பயிற்சி இல்லாவிட்டாலும் பிடிபட்டுவிடும். மொத்தத் தேர்வே 11 முதல் 14 நிமிடம். முதல் நான்கைந்து நிமிடம் உங்கள் ஊரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் உங்கள் சொந்த ஆங்கிலத்தில் பேசியிருப்பீர்கள். அட்டை கைக்கு வந்ததும் திடீரென்று சுற்றுலாத் துறைப் பிரசுரம்போல் பேசுகிறீர்கள். மூன்றாம் பகுதியில் மறுபடி பழைய ஆங்கிலம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது இருக்கிறதே.

பொய் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அந்தக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. நீங்கள் பாரிஸ் போனீர்களா என்று யாரும் சரிபார்க்கப்போவதில்லை. அறத்தை விடுங்கள், வசதியைப் பாருங்கள். பொய்யென்றால் இட்டுக்கட்டவும் வேண்டும், அதை ஆங்கிலத்தில் சொல்லவும் வேண்டும். நடந்ததென்றால் சொல்வது மட்டுமே வேலை. இன்னொன்றும் உண்டு. உயர்ந்த பேண்டுகளுக்கான, அதாவது மதிப்பெண் நிலைகளுக்கான, விவரிப்பில், பேசுபவர் தயங்கினால் அது பெரும்பாலும் விஷயத்தை யோசிப்பதற்கான தயக்கமாக இருக்க வேண்டும், சொல்லையும் இலக்கணத்தையும் தேடுகிற தயக்கமாக அல்ல என்று இருக்கிறது. பார்த்ததை நினைவுகூரும்போது வருவது முதல் வகை. மனப்பாடத்தின் அடுத்த வரியைத் தேடும்போது முகம் விட்டத்தைப் பார்க்கும்.

காந்தி மியூசியம் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. 1959இல் நேரு திறந்துவைத்தார். இந்த இரண்டும் ஒரு வாக்கியத்துக்குத்தான் ஆகும், அதோடு விட்டுவிடுங்கள். பிறகு நேராக அந்தத் துணிக்குப் போங்கள். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பள்ளிப் பிள்ளையாக அதைப் பார்த்தபோது பயந்தீர்களா, அல்லது முன்னால் நின்ற தோழியின் தலை மறைத்ததா? தலை மறைத்தது என்றால் அதுவும் நல்ல செய்திதான். இப்போது நீங்கள் செவிலியர். ரத்தம் உங்களுக்கு அன்றாடம். காய்ந்த ரத்தம் நாளாக ஆக எப்படிப் பழுப்பேறும் என்று வேறு யாரைவிடவும் உங்களுக்குத் தெரியும். அன்று கண்டதையும் இன்று போனால் எப்படிப் பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இறந்தகாலம், நிகழ்காலம், 'போனால் பார்ப்பேன்' என்ற நிபந்தனை வாக்கியம் எல்லாம் தாமாக வந்துவிடும். பயிற்சி மையத்தில் இதைத்தான் 'இலக்கண வகைகளைக் காட்டுங்கள்' என்று சொல்லித் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிறார்கள்.

நேரம் மிஞ்சினால் ஒன்று சேர்க்கலாம். காந்தி மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில், மதுரையில்தான். அந்த முடிவை எடுத்த ஊருக்கே அவருடைய கடைசி ஆடையும் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இதைவிட மோனாலிசா ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

குறிப்பெடுக்க ஒரு நிமிடம் தருவார்கள். பேச ஒன்று முதல் இரண்டு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள். அரண்மனை, துணி, தோழி, ரத்தம், இன்று என்று ஐந்து சொற்கள் போதும். தமிழில் எழுதினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மியூசியம் முழுவதையும் சுற்றிக்காட்ட முயல்வதுதான் பலரைக் கவிழ்க்கிறது. நுழைவாயில், தோட்டம், தளம், கூடம் என்று பட்டியல் போட்டால் நாற்பது நொடியில் தீர்ந்துவிடும். ஒரே பொருளின் முன்னால் நின்றால் இரண்டு நிமிடம் போதாது.

கீழடியைச் சொல்வதென்றாலும் இதே கதைதான். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். பகடைக்காய், தந்தச் சீப்பு, எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் இருக்கின்றன. பானை ஓடுகளின் காலத்தைத் துல்லியமாகச் சொல்லப்போய் எண்களில் நாக்குப் பிறழ வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் என்றால் போதும். உறைகிணறு என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லையா? சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கிணறு என்று விளக்குங்கள். தெரியாத சொல்லைச் சுற்றிவந்து சொல்வதற்கும் சொல்வளத்தில் மதிப்பு உண்டு. ஒரு சொல்லுக்காக ஐந்து விநாடி தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் பகுதியில் கேள்விகள் உங்களை விட்டுச் சமூகத்துக்குத் தாவும். கட்டணத்தைப் பற்றிக் கருத்தே இல்லை என்கிறீர்கள், நான் நம்பவில்லை. இலவச மருத்துவமனையில் யாரெல்லாம் வருகிறார்கள், கூட்டம் சேர்ந்தால் எது முதலில் பழுதாகிறது, கட்டணம் வைத்தால் எவர் வராமல் போகிறார் என்று ஒரு செவிலியருக்குத் தெரியாதா? அந்த அறிவை அப்படியே மியூசியத்துக்குக் கொண்டுவாருங்கள். உதாரணத்துக்கு நீங்கள் போகவிருக்கும் நாடே இருக்கிறது. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை 2001 முதல் எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊரில் தாஜ்மகாலுக்கு இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. இரண்டில் எது நியாயம் என்று சொல்லி, உங்கள் முடிவு பொருந்தாத ஓர் இடத்தையும் ஒத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எக்ஸாமினருக்குக் கவலையில்லை.

வேறு நாடுகளிலிருந்து எடுத்துப்போன பொருட்களைத் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்வியும் வரக்கூடியதே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இதை மட்டும் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். உடனே அமராவதிச் சிற்பங்களைச் சொல்லுங்கள். ஆந்திரத்துப் பௌத்தத் தூபி ஒன்றின் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஒரு பெரும்பகுதி நம் சென்னை எழும்பூர் மியூசியத்தில். லண்டன் திருப்பித் தர வேண்டுமென்றால் சென்னையும் தர வேண்டுமா? கேள்வி இப்படிச் சிக்கலானால் 'ஆனாலும்', 'ஒருவேளை', 'அப்படியானால்' எல்லாம் தேவைப்பட்டே வரும். வலிந்து செருக வேண்டியதில்லை. அங்கே நின்று யோசித்தால் அது நல்ல தயக்கம்.

எழும்பூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய சென்னைவாசிகள் அந்த மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். முன்பு மக்கள் மியூசியத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிப்பாருங்கள். சிரிப்புக்கு மதிப்பெண் கிடையாது. உங்கள் படபடப்பு குறையும்.

உச்சரிப்பை மாற்ற வேண்டாம். எந்த நாட்டுச் சாயலில் பேசினாலும் விளங்கினால் சரி. இரவல் சாயல் பாதி வாக்கியத்தில் நழுவி விழுந்தால்தான் கேட்பவருக்குக் குழப்பம். திருத்த வேண்டியது வேறொன்று இருக்கிறது. நம்மவர்கள் இறந்தகால வினையின் கடைசி மெய்யை விழுங்கிவிடுகிறார்கள். 'வாக்ட்' என்பது 'வாக்' ஆகிவிடுகிறது, 'லுக்ட்' என்பது 'லுக்' ஆகிவிடுகிறது. மியூசியம் அட்டையில் நீங்கள் சொல்லப்போவது முழுக்க நடந்துமுடிந்த கதை. கடைசி எழுத்து காதில் விழாவிட்டால் உச்சரிப்போடு இலக்கணத்திலும் அடி விழும். இங்கிலாந்தில் செவிலியர் பதிவுக்குப் பேச்சில் 7 பேண்ட் கேட்கிறார்கள். போனில் பதிவு செய்து அந்த ஒரு எழுத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.