டொரன்டோவில் நின்றுபோன குடும்ப ஜெபம்

ஊரில் இரவு எட்டு மணிக்கு நடந்த குடும்ப ஜெபம் டொரன்டோ வந்தபின் நின்றுபோனது என்று எழுதியிருந்தீர்கள். அந்த எட்டு மணியை விட்டுவிடுங்கள். பாளையங்கோட்டையில் ஒத்துவந்த நேரம் டொரன்டோவில் ஒத்துவராது. காலைச் சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிடம், வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனையின் பல்லவி போதும்.

பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் பாய் விரித்து எல்லாரையும் கூப்பிட்டது ஆச்சி; இங்கே கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்: அரிசி களையுமுன் பிடியரிசியை, அதாவது காணிக்கையாக எடுத்து வைக்கும் ஒரு பிடி அரிசியை, சின்னவன் கையாலேயே டப்பாவில் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது பழைய ஓட்ஸ் டப்பா. மூன்றாம் நாளே மகள், "இது யாருக்கு?" என்று கேட்டாள், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

ஞாயிறு காலை 8 மணிக்கு ஆச்சியை அழைத்தால் ஊரில் மாலை 5.30. நவம்பரில் கடிகாரம் மாறியதும் அது 6.30 ஆகிவிடும், அவர்கள் ஆலயத்துக்குக் கிளம்பும் நேரமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.