மாமரத்துக்கு மொட்டை போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மாமரம் மாடி ஜன்னலைத் தாண்டிவிட்டது. புல் வெட்ட வருகிறவர், உச்சியை ஒரேயடியாக அறுத்துவிட்டு வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூசிவிடலாம் என்கிறார். செய்யலாமா ஐயா?
– வாசகி, குளுகோர், பினாங்கு

பதில்: வேண்டாம்மா. மொட்டை போட்டால் மரம் குட்டையாகவே நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இலையெல்லாம் போனதும் வெட்டுக்குக் கீழேயிருந்து கத்தை கத்தையாகத் தளிர்கள் விறுவிறுவென்று கிளம்பும், அவற்றுக்கு மரத்தின் உட்புறத்தில் பிடிப்பே கிடையாது, மரத்தின் வெளிப்பகுதியோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பவை, சில வருஷத்தில் கனத்துப்போய் ஒரு பெருங்காற்றில் பிய்ந்து விழுந்தால் கீழே நிற்பது உங்கள் கார்தான்.

பெயிண்டும் வேண்டாம். மரத்துக்குக் காயம் ஆறுவது என்பதே இல்லை, கெட்ட பகுதியை உள்ளே அடைத்துவிட்டு மேலே புது மரப்பகுதியை வளர்த்து மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ 1970களிலேயே மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து இதைக் காட்டிவிட்டார், இங்கே இன்னும் டின்னைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்!

சரி, உயரத்தை எப்படிக் குறைப்பது? மேலே போகும் கிளையை நடுவில் முறிக்காமல், பக்கக்கிளை ஒன்று பிரியும் இடம் வரை இறங்கி வந்து அதை ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கக்கிளை, அறுக்கும் கிளையில் மூன்றில் ஒரு பங்கு பருமனாவது இருக்கணும். முழுக்கிளையையே எடுப்பதானால் அது தண்டோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு வீக்கம் தெரியும், அதில் கத்தி படக்கூடாது, அதற்கு வெளியே நீளமாகக் கட்டையும் விடக்கூடாது. கனமான கிளை என்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி அடிப்பக்கத்தில் கால்வாசி அறுத்து நிறுத்தணும், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் தண்டுப் பட்டையை உரிக்காமல் கிளை விழும், கடைசியாக மிச்சக் கட்டையை எடுக்கணும். ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் போக வேண்டாம். மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பழம் பறித்து முடித்த கையோடு வெட்டுங்கள். மாம்பூ முற்றிய நுனியில்தான் வரும், டிசம்பரில் கைவைத்தால் வருஷ ஆரம்பத்து வறண்ட வாரங்களில் பூக்க வேண்டிய நுனி எல்லாம் குப்பையில் கிடக்கும். மாம்பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துபோகும், அதனால் முழுக்கைச் சட்டை நல்லது. கெரெங்கா என்கிற கடிக்கும் செவ்வெறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலிலேயே அண்ணாந்து பாருங்கள். கிளை மின்கம்பிப் பக்கம் போயிருந்தால் புல் வெட்டுகிறவரையும் ஏணியில் ஏற்றாதீர்கள், மின்சார நிறுவனமான டி.என்.பி.க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலியோரம் வைத்த இட்லிப்பூச் செடி பச்சையாக இருக்கிறது, பூவே இல்லை. மாதாமாதம் தவறாமல் வெட்டிவிடுகிறேன்.
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்த மாதாமாதம்தான் காரணம். இட்லிப்பூ கொழுந்தின் நுனியில் கொத்தாக வரும், நீங்கள் பூமொட்டைத்தான் ஒவ்வொரு தடவையும் நறுக்குகிறீர்கள். பூத்து வாடியதும் ஒரு வெட்டு, அப்புறம் அடுத்த பூ வந்து போகும்வரை கத்தரியை உள்ளே வையுங்கள்.